முதல் ஈட்டு பீரைப் பாட்டிலில் முதிரவைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் முதன்முறையாக பீர் காய்ச்சியவர்கள், அதைப் பாட்டிலில் அடைத்து வாயு ஏற்றும் கட்டத்தில் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. கணக்குகள் அனைத்தும் ஏல் (அறை வெப்பத்தை ஒட்டி நொதிக்கும் பீர்) வகை ஈஸ்ட்டால் நொதிக்கவைத்த, 4 முதல் 6 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட, 20 லிட்டர் ஈடு ஒன்றை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை முன்னரே உறுதிசெய்துகொண்டுதான் அடுப்பைப் பற்றவைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பீர்தான் நொதித்து முடிந்துவிட்டதே, பாட்டிலுக்குள் இன்னும் என்ன நடக்க வேண்டும்?

நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கிய கரியமில வாயுவில் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. நொதிகலத்தில் எஞ்சியிருப்பது ஆல்கஹாலும் கசப்பும் மணமும் உள்ள, ஆனால் சப்பென்று கிடக்கும் ஒரு திரவம். அதில் அளந்து சிறிதளவு சர்க்கரையைச் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடிவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கும் மிச்ச ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று மீண்டும் வாயுவை வெளியிடும். இம்முறை அதற்கு வெளியேற வழி இல்லாததால், அது பீரிலேயே கரைந்து தங்கும். மூடியைத் திறக்கும்போது கேட்கும் ‘புஸ்’ என்ற ஓசையும் மேலே எழும் நுரையும் அதிலிருந்து வருபவைதாம்.

வாயு ஏறுவதோடு வேறு சில நன்மைகளும் உண்டு. அடைக்கும்போது உள்ளே புகுந்த ஆக்சிஜனில் ஒரு பகுதியை ஈஸ்ட் எடுத்துக்கொள்கிறது. இளம் பீரில் பச்சை ஆப்பிள் மணத்தைத் தரும் அசிட்டால்டிஹைடையும் படிப்படியாகக் குறைக்கிறது. ஆக, மூடிய பாட்டில் ஒவ்வொன்றும் ஒரு சிறிய நொதிகலம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு சர்க்கரை இருக்கிறது, ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா, கண்ணாடி எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்ற மூன்று கேள்விகளுக்குள்தான் கீழே வரும் எல்லாம் அடங்கும்.

நொதித்தல் முடிந்துவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது? ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டால் போதுமா?

போதாது. மூடியின் மேல் தண்ணீர் ஊற்றிச் செருகும் அந்த ஏர்லாக் ஓர் அளவுகருவி அன்று. வாளியின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் நொதித்தல் மும்முரமாக நடக்கும்போதும் அதில் குமிழி வராது. அறை வெப்பம் ஏறினால், முடிந்துபோன பீரிலிருந்தும் குமிழி வரும். நம்பத்தக்கது, திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர் மட்டுமே. ஒரு மாதிரியை எடுத்து, அதில் கரைந்துள்ள வாயுவைக் கலக்கி வெளியேற்றிவிட்டு, ஒப்படர்த்தியை (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; சர்க்கரை தீரத் தீர இது இறங்கும்) குறித்துவையுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து மீண்டும் அளக்கும்போது அதே எண் வந்து, அந்த எண் உங்கள் செய்முறைக்கு எதிர்பார்க்கத்தக்கதாகவும் இருந்தால் பாட்டிலுக்குப் போகலாம். 1.048-இல் தொடங்கிய ஏல் ஒன்று பெரும்பாலும் 1.010-க்கும் 1.014-க்கும் இடையில் நிற்கும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், ஒப்படர்த்தி 0.001 அளவு குறையும் ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் பீரில் ஏறத்தாழ அரை லிட்டர் கரியமில வாயு உண்டாகிறது. இன்னும் 0.004 இறங்கவேண்டிய பீரை அவசரப்பட்டு அடைத்துவிட்டால், நீங்கள் சர்க்கரை சேர்த்து ஏற்ற நினைத்த வாயுவுக்கு மேல், கணக்கில் வராத இன்னொரு பங்கும் பாட்டிலுக்குள் சேர்ந்துவிடும்.

என் முதல் ஈட்டில் நான் செய்த பிழை இதுவே. எட்டாம் நாள் ஏர்லாக் அசையாமல் கிடந்தது. இரண்டு இரவுகளாக அறை குளிர்ந்துபோனதால் ஈஸ்ட் சுணங்கியிருந்ததை நான் எண்ணிப்பார்க்கவில்லை. அளக்காமலேயே அடைத்தேன். மூன்றாம் வாரம் ஒரு நள்ளிரவில் அலமாரிக்குள் ஒரு பாட்டில் வெடித்தது. காலையில் திறந்து பார்த்தபோது, கட்டைவிரல் நக அளவு கண்ணாடித் துண்டு ஒன்று பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியின் சுவரில் ஆணி அடித்ததுபோல் பதிந்திருந்தது. அதன் பிறகு, அடைக்கும் நாளை விடுமுறையைப் பார்த்து முடிவுசெய்வதை விட்டுவிட்டேன்.

ஒப்படர்த்தி 1.020-இல் ஒரு வாரமாக நிற்கிறது. மாறவே இல்லையே, அடைக்கலாமா?

மாறாமல் நிற்பது ஒரு நிபந்தனை. நிற்கவேண்டிய இடத்தில் நிற்பது இன்னொரு நிபந்தனை. முதலாவது மட்டும் நிறைவேறியிருக்கிறது. நொதிகலத்தை 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள இடத்துக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி மெல்ல அசைத்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) அதிக வெப்பத்தில் ஊறவைத்திருந்தாலோ, வறுத்த மால்ட் மிகுதியாகச் சேர்த்திருந்தாலோ, பீர் இயல்பாகவே உயர்ந்த எண்ணில் நிற்பதும் உண்டு.

இரண்டில் எது என்று பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒரு கோப்பை பீரில் தாராளமாக ஈஸ்ட் இட்டு, கதகதப்பான இடத்தில் இரண்டு மூன்று நாள் அவ்வப்போது குலுக்கிவாருங்கள். அதுவும் 1.020-ஐ விட்டு இறங்கவில்லை என்றால், உங்கள் பீர் உண்மையிலேயே முடிந்துவிட்டது. 1.012 வரை இறங்கிவிட்டால், நீங்கள் பாட்டிலில் அடைக்க இருந்தது வெடிபொருள்.

எந்தப் பாட்டில்களைப் பயன்படுத்தலாம்?

வாயு ஏற்றிய பானத்துக்கென்றே செய்யப்பட்ட, கனமான, பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில்களே சிறந்தவை. சோடா மூடியை நெம்பித் திறக்கும் வகையாக இருக்க வேண்டும். திருகித் திறக்கும் வகையின் வாயில் சாதாரண மூடி சரியாக இறுகாது. ஒயின் பாட்டிலிலும், வாயு இல்லாத பழச்சாறு வந்த கண்ணாடி பாட்டிலிலும் ஒருபோதும் அடைக்காதீர்கள். அவை உள்ளழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கம்பிப் பிடியோடு பீங்கான் மூடி பொருத்திய பாட்டில்களில் அழகுக்காக மட்டும் விற்கப்படுபவையும் உண்டு என்பதால், வாங்கும்போது விசாரித்துக்கொள்ளுங்கள். அவற்றின் ரப்பர் வளையத்தை ஆண்டுக்கொரு முறையாவது மாற்றுவது நல்லது.

பழுப்பு நிறத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் ஒளி. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களிலிருந்து வரும் கசப்புப் பொருள்கள் ஒளி பட்டுச் சிதையும்போது, மிகச் சிறிய அளவிலேயே மூக்கைத் துளைக்கும் கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகிறது. பச்சைக் கண்ணாடியும் நிறமற்ற கண்ணாடியும் இதைத் தடுப்பதில்லை. கையில் அவைதாம் இருக்கின்றன என்றால், முழு இருட்டில் வையுங்கள்.

சோடா மூடியை வில்லியம் பெயின்டர் கண்டுபிடித்து 1892-இல் காப்புரிமை பெற்றார். இன்று பரவலாகப் புழங்கும் 26 மில்லிமீட்டர் மூடியின் விளிம்பில் 21 மடிப்புகள் இருக்கும். சாம்பெயின் பாட்டில்களில் பலவற்றுக்கு 29 மில்லிமீட்டர் மூடி தேவை. மூடி இறுக்கும் கருவியின் தலையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பாட்டில்களை எண்ணும்போது நான்கைந்து கூடுதலாகவே எடுத்துவையுங்கள். 20 லிட்டருக்கு 500 மில்லி பாட்டில்கள் நாற்பது என்பது கணக்கு. வண்டலில் இழப்பது போக முப்பத்தெட்டு நிறையும்.

கழுவினால் மட்டும் போதாதா? கிருமிநீக்கம் வேறு செய்ய வேண்டுமா?

கழுவுதல் அழுக்கைப் போக்கும். கிருமிநீக்கம், எஞ்சிய நுண்ணுயிர்களைத் தீங்கு செய்யாத அளவுக்குக் குறைக்கும். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்வதால் பயனில்லை, ஏனெனில் காய்ந்த வண்டலின் அடியில் இருக்கும் கிருமியைக் கரைசல் எட்டாது. பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்து உள்ளே பாருங்கள். அடியில் வட்டமாகவோ கழுத்தில் வளையமாகவோ கறை தெரிந்தால், அது தூரிகை கேட்கிறது என்று பொருள். தேய்த்தும் போகாத பாட்டிலை நான் தயங்காமல் ஒதுக்கிவிடுவேன்.

கிருமிநீக்கத்துக்கு, மீண்டும் அலசத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமிலக் கரைசல் மிகவும் வசதியானது. அது விடும் நுரையைக் கண்டு அஞ்ச வேண்டாம். பாட்டிலைக் கவிழ்த்து வடியவிட்டால் போதும். பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்தினால் கொதித்து ஆறிய நீரால் நன்கு அலசியாக வேண்டும். சிறிது தங்கினாலும் பீரில் மருந்து வாடை ஏறும். மூடிகள், பீரை ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு இறக்கும் சைஃபன் குழாய், கரண்டி, வாளியின் குழாய்த்திருகு ஆகிய எல்லாவற்றுக்கும் இதே விதிதான். குழாய்த்திருகைக் கழற்றாமல் விட்டுவிட்டு, எங்கிருந்து புளிப்பு வந்தது என்று தேடுபவர்கள் பலர்.

எவ்வளவு சர்க்கரை சேர்க்க வேண்டும்?

அவசரத்துக்கு ஒரு விடை வேண்டுமென்றால், லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை. ஆனால் அந்த 6 எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்த ஈட்டில் யாரையும் கேட்க வேண்டியிராது.

பீரில் கரைந்துள்ள வாயுவை ‘மடங்கு’ என்ற அளவால் குறிப்பது வழக்கம். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் கரியமில வாயு கரைந்திருந்தால் அது ஒரு மடங்கு. எடைக்கணக்கில் லிட்டருக்கு 1.96 கிராம். பிரிட்டன் பாணி ஏல்களுக்கு 1.5 முதல் 2 மடங்கும், அமெரிக்கப் பாணி ஏல்களுக்கு 2.2 முதல் 2.7 மடங்கும் பொருந்தும். ஜெர்மானியக் கோதுமை பீர்களில் இது 3.5 மடங்கையும் தாண்டும். முதல் ஈட்டுக்கு 2.4 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இந்த 2.4-இல் ஒரு பங்கு ஏற்கெனவே பீரில் இருக்கிறது. 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏறத்தாழ 0.86 மடங்கு வாயு கரைந்தே இருக்கும். எனவே நாம் ஏற்ற வேண்டியது 1.54 மடங்கு, அதாவது லிட்டருக்கு 3 கிராம் வாயு. ஒரு கிராம் சர்க்கரை ஏறத்தாழ அரை கிராம் வாயுவைத் தருவதால், லிட்டருக்கு 6 கிராம் என்ற எண் கிடைக்கிறது. நொதிகலத்தின் அடி வண்டலோடு ஒரு லிட்டரை விட்டுவிட்டால் நிரப்பும் வாளிக்கு (பாட்டில்களில் ஊற்றுவதற்காகப் பீரை முதலில் மாற்றும் வாளிக்கு) வருவது 19 லிட்டர். 19 லிட்டருக்கு 114 கிராம். வாளிக்கு எவ்வளவு வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டுமே தவிர, காய்ச்சிய அன்று எவ்வளவு இருந்தது என்பதை அன்று.

இங்கே ஒரு பொறி உண்டு. பீர் தெளிவதற்காக அதை 4 டிகிரிக்குக் குளிர்வித்து அடைப்பவர்கள், கணக்கில் 4 டிகிரி என்று எழுதுவார்கள். வெப்பத்துக்கேற்பச் சர்க்கரை அளவைச் சொல்லும் அட்டவணை உடனே, பீரில் 1.4 மடங்குக்கு மேல் வாயு இருப்பதாக எடுத்துக்கொண்டு சர்க்கரையைக் குறைத்துவிடும். உண்மையில் 20 டிகிரியில் இருந்தபோது வெளியேறிய வாயு, குளிர்வித்ததால் திரும்பி வந்துவிடுவதில்லை. நொதித்தல் முடிந்தபின் பீர் எட்டிய உச்ச வெப்பத்தையே கணக்கில் எழுத வேண்டும்.

அளப்பதற்குச் சமையலறைத் தராசைப் பயன்படுத்துங்கள். கரண்டிக் கணக்கும் கோப்பைக் கணக்கும் வேண்டாம். பருமணலான சர்க்கரையும் பொடியான சர்க்கரையும் ஒரே கோப்பையில் ஒரே எடையாக இருப்பதில்லை.

எந்தச் சர்க்கரை நல்லது?

வீட்டுச் சர்க்கரையே போதும். காய்ச்சுபவர்கள் சிலர் விரும்பும் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) தூளின் படிகங்களில் நீர் சேர்ந்திருப்பதால், அதே வாயுவுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாகத் தேவைப்படும். மேலே சொன்ன கணக்கில் 114 கிராம் என்பது 130 கிராம் ஆகும். இந்தச் சிறு அளவில் எந்தச் சர்க்கரையும் சுவையில் பெரிய வேறுபாட்டைக் காட்டாது. தேன் சேர்த்தால் மணம் வரும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. என் நாக்குக்கு அது எட்டியதில்லை. அதன் சர்க்கரை அளவும் ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் முதல் ஈட்டுக்கு வேண்டாம். ஜெர்மனியில் சில காய்ச்சுவோர், சர்க்கரைக்குப் பதிலாக நொதிக்காத மால்ட் சாற்றில் ஒரு பகுதியை எடுத்துவைத்துப் பின்னர் சேர்ப்பார்கள். அழகான முறைதான், ஆனால் கணக்குத் துல்லியமாக வரப் பழக்கம் வேண்டும்.

சர்க்கரையை ஒவ்வொரு பாட்டிலிலும் இடுவதா, மொத்தமாகக் கலப்பதா?

மொத்தமாகக் கலப்பதே என் பரிந்துரை. அளந்த சர்க்கரையைக் கால் லிட்டர் நீரில் இட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். அதைச் சுத்தமான நிரப்பும் வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரை சைஃபன் குழாய் வழியே இறக்குங்கள். குழாயின் முனை வாளியின் அடியைத் தொட்டுப் பக்கவாட்டில் வளைந்து கிடந்தால், இறங்கும் பீர் தானே மெல்லச் சுழன்று பாகோடு கலக்கும். பாதி இறங்கியதும் ஒரு முறையும், முழுதும் இறங்கியதும் ஒரு முறையும், கிருமிநீக்கிய நீண்ட கரண்டியால் நுரை எழாமல் கிளறிவிடுங்கள். பாகு பீரைவிட அடர்த்தியானது என்பதால், கிளறாமல் விட்டால் அடியிலேயே தங்கி, முதலில் நிரம்பும் பாட்டில்களுக்கு மட்டும் போய்ச் சேரும்.

இந்தக் கட்டம் முழுவதிலும் பீரைச் சலசலக்க விடாதீர்கள். நொதித்தல் முடிந்த பீருக்கு ஆக்சிஜன் பகை; சில வாரங்களில் ஈரமான அட்டையின் வாடையைக் கொண்டுவந்துவிடும். மேலிருந்து ஊற்றுவது, சைஃபன் வாயில் வைத்து உறிஞ்சுவது இரண்டும் ஆகாது. பின்னது தொற்றுக்கும் வழி.

பாட்டிலுக்கு ஒன்றாக இடும் சர்க்கரைக் குளிகைகள் கிடைக்கின்றன. பாட்டிலின் அளவும் குளிகையின் அளவும் பொருந்தினால் அவை நல்லவையே. வாயுவின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது என்பதுதான் குறை. பீர் நிரம்பிய பாட்டிலில் சர்க்கரைத் தூளைக் கரண்டியால் இடுவதை மட்டும் தவிருங்கள். ஒவ்வொரு துகளின் மேலும் கரைந்த வாயு குமிழியாகத் திரண்டு, மூடுவதற்குள் பொங்கி வழிந்துவிடும்.

எவ்வளவு உயரம் நிரப்ப வேண்டும்?

வாயிலிருந்து இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அடியில் வால்வு உள்ள நிரப்புகுழலைப் பாட்டிலின் அடிவரை விட்டு, விளிம்புவரை நிரப்பி, பின் குழலை வெளியே எடுத்தால், அந்த இடைவெளி தானாகவே அமைந்துவிடும். மூடியை வாயில் வைத்து ஒரு நிமிடம் விட்டு இறுக்கினால், எழும் சிறு நுரை உள்ளிருக்கும் காற்றைத் தள்ளிவிடும்.

பீர் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. ஈஸ்ட்டே இல்லையே, புதிதாகச் சேர்க்க வேண்டுமா?

சாதாரண ஏல் என்றால் வேண்டாம். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பீரிலும் வாயு ஏற்றப் போதுமான ஈஸ்ட் செல்கள் மிதந்துகொண்டிருக்கும். பீர் 9 விழுக்காடு ஆல்கஹாலைத் தாண்டியிருந்தாலோ, பல மாதங்கள் குளிரில் கிடந்திருந்தாலோ, பழைய ஈஸ்ட் களைத்திருக்கும். அப்போது 20 லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் உலர் ஈஸ்ட்டை, கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்துச் சர்க்கரைப் பாகோடு சேர்க்கலாம். இதற்குச் சாம்பெயின் ஈஸ்ட் பலருக்கும் பிடித்தது. ஆல்கஹாலைத் தாங்கும்; மால்ட்டின் சிக்கலான சர்க்கரைகளைத் தொடாததால், எதிர்பாராத வாயுவும் வராது.

சர்க்கரை சேர்ப்பதால் ஆல்கஹால் கூடுமா?

கூடும், ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு.

பாட்டில்களை எங்கே, எத்தனை நாள் வைக்க வேண்டும்?

18 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இருட்டில், நிமிர்த்தி, இரண்டு வாரம். நேராகக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. குளிரில் ஏல் ஈஸ்ட் உறங்கிப்போகும், சர்க்கரை அப்படியே கிடக்கும். வலிமையான பீருக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். நிமிர்த்தி வைப்பதன் நோக்கம், வண்டல் அடியில் ஒரு வட்டமாகப் படிய வேண்டும் என்பதே.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் திறக்காமலேயே அறிய, ஈட்டில் ஒரே ஒரு பாட்டிலைப் பிளாஸ்டிக்கில் நிரப்புங்கள். நிரப்பும்போது சற்றே பிசைந்து காற்றை வெளியேற்றி மூடினால், முதல் நாள் அது ஒடுங்கிய கன்னம்போல் இருக்கும். மூன்று நான்கு நாளில் நிமிர்ந்துகொள்ளும். பத்து நாளில் விரலால் அழுத்தினால் கல்போல் இருக்கும். கண்ணாடி பாட்டில்களுக்குள்ளும் அதே அழுத்தம் ஏறியிருக்கும். முடிந்தால் ஒரு வாரத்தில் ஒன்று, இரண்டு வாரத்தில் ஒன்று, மூன்று வாரத்தில் ஒன்று என்று திறந்து சுவைத்துப் பாருங்கள்; முதல் ஈட்டில் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டு வாரம் ஆனபின் குளிர்பெட்டியில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

குறைந்தது ஒரு நாள், இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. குளிர்ந்த திரவத்தில் வாயு கூடுதலாகக் கரையும். அறை வெப்பத்தில் பாட்டிலின் கழுத்தில் அடைபட்டுக் கிடக்கும் வாயு பீருக்குள் இறங்க அந்த நேரம் வேண்டும். ஒரு மணி நேரம் குளிர்வித்துத் திறந்தால் ஓசை பெரிதாகக் கேட்கும், நுரை பொங்கும், கோப்பையில் ஊற்றிய பீரோ சப்பென்று இருக்கும். ஒரு சிறு குறிப்பு: கரியமில வாயுவை நீரில் கரைத்தால் குடிக்க இதமாக இருக்கும் என்பதை 1767-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்தது, லீட்ஸ் நகரில் தம் வீட்டை அடுத்திருந்த பீர் ஆலையின் நொதிகலங்களுக்கு மேலே நீர்க்கிண்ணத்தைப் பிடித்துத்தான். சோடாவுக்கும் பீருக்கும் உறவு அவ்வளவு பழையது.

இரண்டு வாரம் ஆகியும் வாயுவே இல்லை. என்ன செய்வது?

முதலில் வெப்பத்தைப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். 20 டிகிரிக்கு மேலுள்ள இடத்துக்கு மாற்றி, ஒவ்வொரு பாட்டிலையும் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி வண்டலை எழுப்பிவிட்டு, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். அப்போதும் மாற்றம் இல்லையென்றால் ஒன்றைத் திறந்து சுவையுங்கள். இனிப்பு தெரிந்தால் ஈஸ்ட் வேலை செய்யவில்லை. இனிப்பே இல்லாமல் வாயுவும் இல்லையென்றால் மூடி கசிகிறது, அல்லது சர்க்கரை சேர்க்க மறந்திருக்கிறீர்கள். மறப்பது அரிதன்று, ஆறவைத்த பாகு அடுப்பின் மேலேயே இருந்ததை, நாற்பது பாட்டிலை மூடியபின் கண்டவர்கள் உண்டு. அப்படியானால் திறந்து குளிகை இட்டு மீண்டும் மூடலாம். ஆனால் முன்பு இட்ட சர்க்கரை உள்ளேயே கிடக்கிறதா என்று ஐயம் இருக்கும்வரை மறுபடி சேர்க்கவே கூடாது.

சில பாட்டில்கள் பொங்குகின்றன, சில சப்பென்று இருக்கின்றன. ஏன்?

சர்க்கரைப் பாகு சரியாகக் கலக்கவில்லை. மூடும்போதே வரிசை எண் எழுதிவைத்திருந்தால் இதை எளிதில் கண்டுபிடிக்கலாம்: நிரப்பிய வரிசையில் தொடக்கத்தில் இருப்பவை ஒரு மாதிரியும் கடைசியில் இருப்பவை வேறு மாதிரியும் இருக்கும். எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றும் பொங்கினால், அந்தந்தப் பாட்டில் சரியாகத் தூய்மையாகவில்லை என்று கொள்க.

எல்லாப் பாட்டில்களும் பொங்குகின்றன. வெடிக்குமோ என்று அச்சமாக இருக்கிறது.

அச்சம் நியாயமானதே. 2.4 மடங்கு வாயு உள்ள பாட்டிலுக்குள், 20 டிகிரியில், வெளியிலுள்ள காற்றைவிட ஏறத்தாழ 1.8 வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தம் இருக்கிறது. கார் சக்கரத்துக்குள் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அதே பாட்டில் 30 டிகிரி அறையில் இருந்தால் அது 2.6-ஐ எட்டும். வாயு 4.4 மடங்கு ஆகிவிட்டால் 20 டிகிரியிலேயே 4-ஐத் தாண்டும். 30 டிகிரியில் 5.5-ஐயும் தாண்டும். நல்ல புதிய பாட்டில் ஒருவேளை தாங்கலாம். பலமுறை பயன்படுத்தி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த பாட்டில் தாங்காது.

எனவே கண்ணாடி பாட்டில்கள் எப்போதும் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள்தான் முதிர வேண்டும். ஆள் நடமாடும் இடத்தில், கண் மட்டத்தில் வைக்கவே கூடாது. பொங்குவது தெரிந்தால் கண்களைக் காக்கும் மூக்குக்கண்ணாடி, தடித்த கையுறை, நீண்ட கை வைத்த உடை ஆகியவற்றை அணிந்துகொண்டு, பெட்டியோடு அசைக்காமல் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். குளிரில் அழுத்தமும் குறையும், ஈஸ்ட்டும் அடங்கும். ஒரு நாள் முழுவதும் குளிர்ந்தபின், ஒவ்வொன்றையும் தடித்த துண்டால் சுற்றி, மூடியின் விளிம்பை மட்டும் மெல்ல நெம்பி வாயுவை விடுங்கள். நுரை கழுத்துக்கு ஏறும்போது விட்டுவிட்டால் மூடி மீண்டும் அமர்ந்துகொள்ளும். சில முறை இப்படிச் செய்தபின் புது மூடி இட்டு இறுக்கலாம். ஏற்கெனவே ஒன்று வெடித்திருந்தால் எஞ்சியவற்றைக் காப்பாற்ற முனைய வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் குளிர்வித்து, அழுத்தம் தணிந்தபின் கொட்டிவிடுங்கள். நாற்பது பாட்டில் பீர் ஒரு கண்ணுக்கு ஈடாகாது.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். நொதித்தல் முடியாமல் அடைத்தது, சர்க்கரை மிகுந்தது, அல்லது தொற்று. பொங்கும் பீர் புளிப்பாகவோ நீர்த்தோ இருந்து, கழுத்தில் பீரின் மேல்மட்டத்தை ஒட்டி வெண்ணிற வளையம் தெரிந்தால், தொற்று என்று கொள்ளலாம். சாதாரண ஈஸ்ட்டால் தின்ன முடியாத மால்ட் சர்க்கரைகளையும் சில காட்டு ஈஸ்ட்கள் உடைத்துத் தின்னும். அதனால் ஒப்படர்த்தி சரியாக நின்ற பீரும் வாரக்கணக்கில் வாயு ஏறிக்கொண்டே போகும். பெல்ஜியத்தின் சேசன் வகைக்குப் பயன்படும் ஈஸ்ட்களில் சிலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. அவற்றால் காய்ச்சிய பீரை அடைக்கும் முன் இன்னும் பொறுமை வேண்டும். பின்னர் அதே குழாய்களை வேறு பீருக்குப் பயன்படுத்தும்போது இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

வாயு சரியாக ஏறிவிட்டது, ஆனால் சுவை எதிர்பார்த்தபடி இல்லை.

பச்சை ஆப்பிள் வாடை என்றால் இளமை; இன்னும் இரண்டு மூன்று வாரம் அறை வெப்பத்தில் விடுங்கள். வெண்ணெய் வாடைக்குக் காரணமான டைஅசிட்டைலும், ஈஸ்ட் உயிர்ப்போடு இருந்தால், அதே வழியில் குறையும். நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனால் தொற்று. அட்டை வாடைக்கு மருந்தில்லை. ஹாப்ஸ் மணத்தை நம்பி நிற்கும் பீரை இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்துவிடுவது நல்லது; வலிமையான கருநிற பீர்கள் ஆண்டுக்கணக்கில் மெருகேறும்.

அடியில் படிந்திருக்கும் வண்டலைக் குடிக்கலாமா?

அது ஈஸ்ட், தீங்கில்லை. மிகுதியாக உள்ளே போனால் சிலருக்கு வயிறு உப்பும், சுவையிலும் ரொட்டிமாவின் சாயல் ஏறும். கோதுமை பீரில் அதை வேண்டுமென்றே சுழற்றிச் சேர்த்து ஊற்றுவார்கள். மற்றவற்றுக்கு, பாட்டிலை நிமிர்த்தியே எடுத்துவந்து, கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, ஒரே ஓட்டமாக, இடையில் நிறுத்தி நிமிர்த்தாமல் ஊற்றுங்கள். நிமிர்த்தும் ஒவ்வொரு முறையும் வண்டல் கலங்கும். பாட்டிலின் தோள் வழியே பார்த்துக்கொண்டே இருந்தால், கடைசி ஒரு சென்டிமீட்டரில் புகைபோல் ஓர் இழை கழுத்தை நோக்கி நகர்வது தெரியும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னர் பாட்டிலை உடனே வெந்நீரால் அலசிக் கவிழ்த்துவையுங்கள். அடுத்த ஈட்டுக்கு அது வேண்டும்.